கரடி பேசிய ஜெபத் தமிழ்

அது பெரியவர்களுக்கென்று எடுத்த ஒரு வெளிநாட்டுக் கார்ட்டூன். சவப்பெட்டிக் கடை நடத்தும் குடிகாரக் கரடி ஒன்றுதான் நாயகன். கடவுள், அரசாங்கம், பெற்ற தாய், செத்தவன் என்று எதையும் அது விட்டுவைக்காது. வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான். படம் வந்த காலத்தில் யாரும் சீண்டவில்லை. பிறகு ஊருக்கு ஊர் ஒரு கூட்டம் அதைத் தலையில் தூக்கிவைத்து ஆடியதால், திரைக்குக் கீழே ஓடும் பல மொழி வசன வரிகளோடு டிவிடி இறுவட்டாக வெளியிட முடிவு செய்தார்கள். தமிழ் வரிகளை எழுதும் வேலை கைமாறிக் கைமாறி, கண்டியில் ஒரு செருப்புக் கடையின் மேல்மாடியில் இருந்த சிறிய நிறுவனத்துக்கு வந்து சேர்ந்தது. அதன் முதலாளி என்னைப் பிடித்தார். நான் நாவலப்பிட்டியில் ஆங்கிலம் படிப்பிக்கிற ஆசிரியை. வீடு கண்டி மஹய்யாவையில்.

முதலாளி மேசையில் மூன்று ஃபோன் வைத்திருப்பார். மூன்றும் அடிக்காது. கலை என்ற சொல்லை ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்வார். கரடிப் படத்தை அவர் முழுதாகப் பார்த்ததில்லை என்பதை முதல் வாரத்திலேயே கண்டுபிடித்தேன்.

வசனங்களைப் பள்ளிக்கூடத்துக்குக் கோச்சியில் போகும்போதும் வரும்போதும், ரயில் பெட்டியின் ஆட்டத்தோடு எழுதினேன். மஹய்யாவையில் தண்ணீர்க் குழாயடியில் வளர்ந்தவளுக்குக் கெட்ட வார்த்தைக்குப் பஞ்சமில்லை. எந்த வார்த்தை எவ்வளவு சுடும், எதைச் சிரித்துக்கொண்டே சொல்லலாம், எதைச் சொன்னால் வாளி பறக்கும் என்பதெல்லாம் எனக்குத் தெரியும். கரடிக்கு அப்படியே கொடுத்தேன். பதினைந்து வருடப் பாடக்குறிப்பில் கிடைக்காத சந்தோஷம் அதில் கிடைத்தது.

முதலாளி வாசித்துவிட்டு வெளிறிப்போனார். யாரிடமோ கொடுத்துத் திருத்தினார். திரும்பி வந்த தாள்களைப் பார்த்து நான்தான் வெளிறினேன். கரடியின் மனைவி அதைப் பார்த்துக் கத்துகிற ஒரு வசவு, "தேவரீர் நற்குலத்தில் உதித்தவர் அல்லர்" என்று மாறியிருந்தது. போடா வெளியே என்பது, "இவ்விடம் விட்டு அகன்றருளும்" என்றிருந்தது.

இது பதினெட்டு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கான படம், உறையிலேயே அச்சடித்திருக்கிறது என்று சொன்னேன்.

"பதினெட்டு வயசானவங்களுக்கும் அம்மா இருக்காங்கதானே டீச்சர்," என்றார்.

திருத்தியவர் யார் என்று விசாரித்தேன். கலகெதரைக்காரர், கத்தோலிக்கர், அச்சகம் ஒன்றில் ஜெபப் புத்தகங்களுக்குப் பிழை திருத்துகிறவர். அவ்வளவு தெரிந்ததும் எனக்குப் போதுமாக இருந்தது. ஒரு மடையன் என்று முடிவு கட்டிவிட்டேன். அவரைப் போய்ப் பார்க்கத் தோன்றவில்லை. தமிழ் வரிகள் என்று போட்டு வருகிற என் பெயரை எடுத்துவிடுங்கள் என்று முதலாளியிடம் சொல்லவும் இல்லை.

வெளியீட்டு விழா கண்டி வாவிக்குப் பக்கத்தில் ஒரு மண்டபத்தில் நடந்தது. வாந்தி எடுக்கிற கரடிக்குக் குத்துவிளக்கு ஏற்றினார்கள். முதலாளி பொன்னாடை போர்த்திக்கொண்டு, தமிழுக்குத் தான் செய்த தொண்டைப் பற்றி அரை மணி நேரம் பேசினார். முன்வரிசையில் கறுப்பு டீசேர்ட் போட்ட ரசிகர்கள். படத்தை எத்தனை தடவை பார்த்தோம் என்று ஒருவருக்கொருவர் கணக்குச் சொல்லிப் பெருமைப்படுகிற ரகம். பிழை திருத்துகிறவரும் மனைவியோடு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்து வாரிய தலை. என் வயதுதான் இருக்கும். தானே வந்து அறிமுகமானார். நான் தலையை மட்டும் ஆட்டினேன்.

படம் ஓடியது. கரடி சவப்பெட்டியின் மேலேயே ஒன்றுக்கு இருந்தது. கீழே எழுத்து வந்தது: "அடியேனின் பாரம் நீங்கிற்று." மண்டபம் வெடித்தது. கரடியைப் பார்த்துச் சிரிக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு கவனித்தால், கரடி வாயைத் திறப்பதற்கு முன்பே எல்லோருடைய கண்களும் கீழே எழுத்துக்குப் போயிருந்தன. கண்ணீர் வரச் சிரித்தார்கள்.

இடைவேளை விட்டதும் அவர் என் பக்கம் திரும்பினார். மனைவி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டீச்சர், இவன் கடைசியில திருந்துவானா?"

"இல்லை," என்றேன்.

முதலாளி தன்னிடம் படத்தைக் காட்டவில்லை, தாள்களை மட்டும் கொடுத்து, ஒரு பாவி மனந்திரும்புகிற கதை என்று சொன்னதாக அவர் மெதுவாகச் சொன்னார். அதனால்தான் அந்தப் பாஷை. நான் என்ன சொல்வதென்று யோசிப்பதற்குள், பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படிக்கிற ஒரு யாழ்ப்பாணத்துப் பெடியன் முன்வரிசையிலிருந்து எழுந்து வந்தான்.

"அக்கா, உப்பிடி ஒரு நக்கலை நான் இதுவரைக்கும் பாத்ததில்ல. நீங்கள் வேணுமெண்டுதானே செய்தனீங்கள்?"

"ஆமா," என்றேன்.

அவன் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். பின்னால் இன்னும் நாலைந்து பேர் வந்து நின்றார்கள். நான் திரும்பிப் பார்த்தபோது பக்கத்துக் கதிரைகள் இரண்டும் காலியாக இருந்தன.

அடுத்த சனிக்கிழமை கலகெதரைக்கு பஸ் ஏறினேன். அவர் வீட்டைக் கண்டுபிடிக்கச் சிரமப்படவில்லை. உட்காரச் சொன்னார், மனைவி தேத்தண்ணி கொடுத்தார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. முதலாளி அவரை ஏமாற்றியது எனக்குத் தெரியாது என்று சொன்னேன். வேலை தெரியாத ஆள் என்று அவரைத் தப்பாக நினைத்துவிட்டேன் என்றும் சொன்னேன்.

"முதலாளி பொய் சொன்னாரு, அது அவரு தொழில்," என்றார். "நீங்க படத்தைப் பார்த்தவங்க. நான் எழுதினதையும் பார்த்தவங்க. இது ஏன் இப்படி இருக்குன்னு என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இந்த ஆள்கிட்ட என்ன கேக்கிறதுன்னு விட்டுட்டீங்க."

மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. கண்டிக்குத் திரும்பிப் போக பஸ் எத்தனை மணிக்கு என்று மட்டும் சொன்னார்.

இறுவட்டு நன்றாகப் போனது. இரண்டாம் பாகத்துக்கு முதலாளி கூப்பிட்டார். அதே பாஷையில் வேண்டுமாம், அது தன்னுடைய யோசனை என்றே பேசினார். முடியாது என்றேன். வேறு யாரோ எழுதினார்கள். தெரிந்தே, வேண்டுமென்றே, வரிக்கு வரி தேவரீர் போட்டு எழுதியிருந்தார்கள். சகிக்கவில்லை. முதல் பாகத்தின் தமிழுக்குக் கிட்டவும் வராது என்று ரசிகர்கள் இணையத்தில் என் பெயரைப் போட்டு எழுதுகிறார்கள். அதை வாசித்தபோது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. அந்தத் தமிழ் யாருடையது என்று இன்றுவரை நான் அங்கே போய் எழுதவில்லை.