நான் அடைத்த விரிசல்

தொழிற்சாலையில் என் வேலை ஒழுகலை நிறுத்துவது. குழாய், வால்வு, பம்பு, எது சொட்டினாலும் ஷிப்டில் என்னைத்தான் கூப்பிடுவார்கள். பல வருடம் இதையே செய்து, எங்கே ஈரத்தைப் பார்த்தாலும் கை சும்மா இருப்பதில்லை. அந்தக் கையால் ஒரு தடவை பெரிய தப்பு செய்தேன். அதைப் பொறுத்துக்கொண்ட ஒருவருக்கு இன்னும் ஒழுங்காக நன்றி சொல்லவில்லை. அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

மதுரைப் பக்கத்திலிருந்து ஓசூருக்குப் பிழைக்க வந்தவன் நான். கெலமங்கலம் போகும் வழியில், ரோஜாத் தோட்டத்தை ஒட்டிய லைன் வீடு ஒன்றில் குடியிருக்கிறேன். தோட்டத்துக்கும் வீட்டுக்கும் சொந்தக்காரியை அக்கா என்று கூப்பிடுவேன். வேலையாட்களிடம் தெலுங்கு, பால்காரரிடம் கன்னடம், என்னிடம் தமிழ் பேசுவார். கோபம் வந்தால் மட்டும் மூன்றும் சேர்ந்து வரும்.

தோட்டத்தின் மேல்கோடியில், பாறையடியில் ஓர் ஊற்று உண்டு. அதன் தண்ணீர் கல் கட்டிய தொட்டியில் விழுந்து, நிறைந்து வழிந்து, மணல் ஓடையாகக் கீழே போகும். நான் குடிவந்த புதிதில் மணிக்கட்டுப் பருமனுக்கு விழுந்துகொண்டிருந்தது. சுற்றுவட்டாரத்தில் ஆழ்துளைக் கிணறுகளாகப் போர் மேல் போர் இறங்க, கோடையில் சுண்டுவிரலாக இளைத்தது. தொட்டி வழிவதும் நின்றுபோனது. ஆனாலும் தொட்டியை ஒட்டி நாலைந்து எட்டு வைக்கும் தூரத்துக்கு ஓடையில் தண்ணீர் இருந்தது. அதற்குள் அயிரை மீன்கள் இருந்தன.

அயிரைக் குழம்புக்கு எங்கள் ஊர்க்காரர்கள் சொத்தையே எழுதி வைப்பார்கள். நானும் முதலில் நாக்கைச் சப்புக்கொட்டிக்கொண்டுதான் பார்த்தேன், மறைப்பானேன். பார்க்கப் பார்க்க அந்த ஆசை எங்கேயோ போய்விட்டது. ஒரு விரல் நீளம்கூட இல்லாத மீன், ஆள் நிழல் பட்டதும் மணலுக்குள் புகுந்து மூக்கை மட்டும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். வார விடுமுறைக் காலைகள் எனக்கு அங்கேயே கழிந்தன. இயந்திரச் சத்தத்தில் ஊறிய காதுக்கு அது எவ்வளவு பெரிய உபகாரம்!

போன கோடையில் தொட்டி பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. அக்கா காவேரிப்பட்டினத்தில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்த சமயம் அது. தொட்டியைச் சுற்றி வந்தபோது, அடிக்கல்லில் ஒரு விரிசலும் அதிலிருந்து கசிவதும் கண்ணில் பட்டன. வந்ததே குறைச்சல், அதிலும் லீக்கா என்று எனக்குப் பொறுக்கவில்லை. கடைக்கு ஓடி, சீக்கிரம் இறுகும் சிமெண்டு வாங்கி வந்து, கையை விட்டு அழுத்தி அடைத்தேன். மறுநாளே தண்ணீர் இரண்டு விரற்கடை ஏறியிருந்தது. போட்டோ எடுத்து ஷிப்டு ஆட்களிடம் பீற்றிக்கொண்டேன்.

அந்த வாரக் கடைசியில் போய்ப் பார்த்தால், ஊரிலிருந்து திரும்பிய அக்கா ஓடையில் குனிந்து நிற்கிறார். தொட்டித் தண்ணீரைக் குடத்தில் மொண்டு மணலில் ஊற்றிக்கொண்டிருந்தார். ஓடை வெறும் மணலாகக் கிடந்தது. கரையில் செத்த அயிரைகள், பீன்ஸ் தோல் காய்ந்தது மாதிரி.

"யாரு தம்பி இங்க சிமெண்டு பூசுனது?"

வேலையாட்கள் மேல் பழியைப் போட்டிருக்கலாம். நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிவிட்டுச் சொன்னேன்:

"நான்தேன்க்கா. தண்ணி வீணாப் போகுதேன்னு…"

"வீணாவா? அந்த ஓட்டைய நான் வேணும்னுதான் அடைக்காம வச்சிருக்கேன். தொட்டி நெறஞ்சு வழியறதெல்லாம் போயிடுச்சு. இதுங்களுக்கு அந்த ஓட்டை ஒண்ணுதான். அதுக்குத்தான் நம்ம போரையே ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஓட்டுறேன். ஓடுனா ஊத்து உள்ள போயிடுது. பாதி ரோஜாவைக் காயவுட்டுட்டேன், தெரியுமா?"

தெரியாது. அவ்வளவு வருடம் பக்கத்திலேயே குடியிருந்தும் தெரியாது. வெட்கத்தில் தலை நிமிரவில்லை. மூன்று பாஷைத் திட்டுக்குக் காத்திருந்தேன். அவர் போய்க் கடப்பாரையை எடுத்து வந்து என் கையில் கொடுத்தார்.

"அடைக்கத் தெரிஞ்ச கைதானே, தொறந்து வுடு."

என் வேலை சுத்தமான வேலை. அன்று அதுவே எனக்கு எதிரியாக இருந்தது. அரைமணி இடித்த பிறகுதான் சிமெண்டு கட்டியாகப் பெயர்ந்து ஓடையில் விழுந்தது. பின்னாலேயே தண்ணீர் வந்தது. மணல் நனைந்து கறுத்தது. இருவரும் கரையில் குந்தி மணலையே பார்த்தோம். எதுவும் அசையவில்லை. எல்லாம் முடிந்தது என்று நினைத்த நேரத்தில் மணலில் ஓரிடம் துடித்தது. அப்புறம் இன்னோர் இடம். அக்கா என் தோளில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

பிழைத்தவை கொஞ்சம்தான். சுற்றிலும் மற்றவர்களின் போர்கள் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. அக்காவின் மோட்டார் நிற்கும் நாட்களில், அந்தச் சத்தமின்மைக்கு மனதுக்குள் கும்பிடு போடுகிறேன்.

இந்த வருடம் மழைக்குப் பிறகு, நான் பெயர்த்த சிமெண்டுக் கட்டி ஓடையின் நடுவிலேயே கிடப்பதைப் பார்த்தேன். என் தப்பின் அடையாளம் கண்ணை உறுத்தியது. எடுத்து எறியக் குனிந்தேன்.

"ஐயோ, தொடாதே தம்பி," என்று வரப்பிலிருந்து அக்கா கத்தினார். "அதுக்கடியிலதான் குஞ்சுங்க இருக்குது."