மயில் தோகைக்குள் ஓர் எழுத்து

போன ஆவணி முகூர்த்த சமயத்தில் மேட்டுப்பாளையத்துக்குப் பக்கத்தில், ஒரு பாக்குத் தோப்பு வீட்டில் நடந்தது இது. இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை. என் வீட்டுக்காரருக்கே பாதிதான் தெரியும்.

நான் கல்யாணப் பெண்களுக்கு மருதாணி போடுகிறவள். கோவையில் உக்கடம் பக்கம் குடியிருக்கிறோம். ரம்ஜான் பெருநாளுக்கு முந்தைய நாள் எங்கள் தெருப் பெண்கள் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு மருதாணிக் கோன் பிழிவது வழக்கம். எனக்கு விளையாட்டாகத் தொடங்கியது அப்படியே தொழிலாகிவிட்டது. ஆரம்பத்தில் எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு கொடிதான். மணிக்கட்டில் தொடங்கி ஆள்காட்டி விரல் வரைக்கும் வளைந்து வளைந்து ஏறும். இலைகளுக்கு நடுவில் கொஞ்சம் வெறும் இடம் விட்டுவிடுவேன். பஸ்ஸில் யாராவது எங்கள் தெருப் பெண்களின் கையைப் பார்த்துவிட்டு, இது இன்னார் போட்டதுதானே என்று கேட்பார்களாம். அதைக் கேட்டு நான் தரையில் கால் பாவாமல் திரிந்த காலமும் உண்டு.

பிறகு கையில் நல்ல போன் வந்தது. நான் போட்ட ஒரு கையைப் படமெடுத்து வலையில் ஏற்றினேன். முன்பின் தெரியாத யாரோ, 'ரொம்பப் பழைய டிசைன்' என்று கீழே எழுதிவிட்டுப் போனார். எழுதிய ஆள் அடுத்த நிமிடமே மறந்திருப்பார். எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. அன்றிலிருந்து மற்றவர்கள் போடுவதைப் பார்க்க ஆரம்பித்தேன். பார்த்தேன், பார்த்தேன், பார்த்துக்கொண்டே இருந்தேன். கையை நிறைத்துப் போட வேண்டும் என்பார் ஒருவர். நிறைத்துப் போட்டால் பட்டிக்காடு என்பார் அடுத்தவர். கோடு மெலிதாக இருக்க வேண்டும், இல்லை தடிமனாக இருந்தால்தான் போட்டோவில் எடுக்கும். இந்தப் பக்கம் ராஜஸ்தான், அந்தப் பக்கம் அரபு நாடு. பிடித்ததையெல்லாம் சேமித்து வைத்தேன். பிடிக்காததையும், யாராவது கேட்டால் இருக்கட்டுமே என்று சேமித்தேன். அடுப்பில் பால் பொங்கி வழியும்போதுகூட என் கட்டைவிரல் திரையைத் தள்ளிக்கொண்டிருந்தது.

கொஞ்ச நாளில் என் கொடியைப் போட எனக்கே வெட்கமாகிவிட்டது. பெண்களும் போனை நீட்டி, இதே மாதிரி வேண்டும் என்றார்கள். எனக்கு அது வசதியாகவே இருந்தது. என்ன போடலாம் என்று நான் யோசிக்கவே வேண்டியதில்லை.

அந்தப் பாக்குத் தோப்பு வீட்டுப் பெண் மட்டும் எதையும் காட்டவில்லை. "உங்களுக்கு எது நல்லா வருமோ அதையே போடுங்கக்கா" என்று சொல்லிவிட்டாள். உண்மையில் அதைக் கேட்டு எனக்குப் பயம்தான் வந்தது. அந்த வாரம் ஒரு ரீல்ஸில் பார்த்த மயில் தோகையை வீட்டில் பிளாஸ்டிக் தகட்டின் மேல் போட்டுப் போட்டுத் துடைத்துப் பழகியிருந்தேன். தோகையின் கண்ணுக்குள் சுருள் சுருளாக ஒரு வேலை. அதையே அவள் இடது கையில் இறக்கினேன். வலது கையில் மாப்பிள்ளை பெயரின் முதல் எழுத்தைப் பூவுக்குள் ஒளித்து வைத்தேன். அதைப் பெண்ணின் கையில் மாப்பிள்ளை தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். வடக்கத்திக் கல்யாண வழக்கம், ரீல்ஸ் புண்ணியத்தில் இப்போது நம் பக்கத்து மண்டபங்களுக்கும் வந்துவிட்டது.

மறுநாள் காலை அவள் அம்மாவிடமிருந்து போன். "ஏனுங்க, கொஞ்சம் ஊட்டுக்கு வந்துட்டுப் போங்க. வண்டி அனுப்பறமுங்க."

அடுத்த நாள் கல்யாணம். சொந்தக்காரப் பெண்களுக்கும் போடக் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, கோன் பையைத் தூக்கிக்கொண்டு சந்தோஷமாகப் போனேன். வாசலில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். ஆனால் கல்யாண வீட்டுச் சத்தமே இல்லை. உள் அறையில் பெண் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள். ஒரு பக்கக் கன்னம் சிவந்து தடித்திருந்தது. பக்கத்தில் அவள் அம்மாவும், அவள் அப்பாவின் தங்கையான அத்தையும். நான் உள்ளே போனதும் அத்தை கதவைச் சாத்தினார்.

காலையில் அத்தை விளையாட்டாக மாப்பிள்ளையின் எழுத்தைத் தேடியிருக்கிறார். வலது கையில் கிடைத்தது. இடது கையில் இன்னொன்றும் கிடைத்தது. மருதாணி உதிர்ந்து நிறம் ஏறியதும், மயில் தோகையின் கண்ணுக்குள் ஓர் இங்கிலீஷ் எழுத்து பளிச்சென்று தெரிந்தது. மாப்பிள்ளையின் பெயரில் அந்த எழுத்தே கிடையாது.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. அந்த ரீல்ஸில் இருந்தது வேறு யாரோ ஒரு கல்யாணப் பெண்ணின் கை. அவள் மாப்பிள்ளைக்காக ஒளித்து வைத்த எழுத்தை நான் சுருள் என்று நினைத்து, வளைவு பிசகாமல் கொண்டுவந்து இவள் கையில் போட்டிருக்கிறேன். சும்மா காப்பி இல்லை, அச்சு அசல் காப்பி.

"இவகூடக் காலேஜ்ல படிச்சவன் ஒருத்தன் பேரு இதே எழுத்துலதானுங்க ஆரம்பிக்குது" என்றார் அத்தை. "அந்தப் பேச்சு கெளம்பித்தான் இவள வேலைக்கே அனுப்பாம ஊட்டுல வெச்சிருந்தோம். இவ சொல்லித்தான போட்டீங்க? நெசத்தைச் சொல்லிப்போடுங்க. சாயங்காலம் மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க வந்துருவாங்க. அதுக்குள்ள நாங்க ஒரு முடிவு எடுக்கோணும்."

முடிவு என்ற சொல்லை அவர் அழுத்திச் சொன்னார். அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுது முடித்த கண்கள். தன்னால் ஆனதையெல்லாம் சொல்லிப் பார்த்துவிட்டு ஓய்ந்து போனவள் மாதிரி இருந்தாள்.

"இல்லீங்கம்மா, சத்தியமா இல்லீங்க. நான் போன்ல பார்த்து, பாக்காமயே கை ஓடற அளவுக்குப் பழகினதுங்க. இப்பவே காட்டறேன்" என்று போனை எடுத்தேன்.

அந்தப் படம் கிடைக்கவில்லை.

'புதுசு' என்று ஒரு தொகுப்பு, 'பார்க்கணும்' என்று ஒன்று, 'கல்யாணம்' என்று ஒன்று. பெயரே வைக்காமல் இன்னும் எத்தனையோ. எதைத் திறந்தாலும் கைகள், கைகள், கைகள். எல்லாவற்றிலும் மயில் தோகை. ஒவ்வொன்றையும் பெரிதாக்கிப் பார்த்தேன். இது இல்லை. இதுவும் இல்லை. நடுவில் பட்டுப்புடவை விளம்பரம் வந்து விழுந்தது. திரும்பிப் போனால் பக்கம் மாறி, பார்த்ததே மறுபடியும் வந்தது. ஒருவேளை அதைச் சேமிக்காமலே பார்த்தேனோ? போட்டவரே நீக்கிவிட்டாரோ? இவ்வளவு சேர்த்து வைத்திருந்தும், எதை ரசித்து எடுத்தேன், எதைச் சும்மா அள்ளிப் போட்டேன் என்று ஒன்றைப் பற்றிக்கூட எனக்குச் சொல்லத் தெரியவில்லை. யா அல்லாஹ், அந்த ஒரு கையை மட்டும் காட்டிவிடு என்று மனதுக்குள் கெஞ்சினேன். வியர்வையில் திரை வழுக்கியது.

"இருந்தாத்தான கெடைக்கும்" என்றார் அத்தை.

என் பேச்சை நம்ப அவர்களுக்கு என்ன இருக்கிறது? இத்தனை வருடமாக மருதாணி போடுகிறவள், எழுத்து எது சுருள் எது என்று தெரியாமல் போட்டேன் என்றால் யார் நம்புவார்கள்? அவர்கள் இடத்தில் இருந்தால் நானே நம்பியிருக்க மாட்டேன். ஒரு பெண்ணின் வாழ்க்கை என் போனில் கிடக்கும் குப்பைக்குள் எங்கோ மாட்டிக்கொண்டிருந்தது. என்னால் அதை வெளியே எடுக்க முடியவில்லை. அவமானமும் ஆத்திரமும் சேர்ந்து எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதுவரை வாயே திறக்காத அவள் அம்மா என் முன்னால் வந்து உட்கார்ந்தார். உள்ளங்கையை விரித்து நீட்டினார்.

"போனை அக்கட்ட வைங்க. என் கையில போடுங்க."

"என்னத்தைங்கம்மா போடறது?"

"பாக்காமயே கை ஓடுமளவுக்குப் பழகிட்டேன்னு சொல்றீங்கல்ல? உங்களுக்கு என்ன வருதோ போடுங்க. நான் பாக்கோணும்."

அவர் குரலில் அதட்டல் இல்லை. மகளை நம்புவதற்கு எங்காவது ஒரு வழி கிடைக்காதா என்று தவித்துக்கொண்டிருந்தார், பாவம்.

கோனை எடுத்தேன். என் பழைய கொடியைப் போடலாம் என்றுதான் நினைத்தேன். மணிக்கட்டில் வைத்தேன். முதல் இலை எந்தப் பக்கம் திரும்பும்? நினைவில்லை. நான் போட்ட கொடி, ஊரே அடையாளம் சொன்ன கொடி, எனக்கே மறந்துவிட்டது. கோன் முனை அவர் தோலின் மேல் அப்படியே நின்றது. அத்தை பெருமூச்சு விட்டது மட்டும் கேட்டது. அதற்குப் பிறகு கை தானாக நகர்ந்தது. அப்பாடா, வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன். வளைவு, அதற்குள் வளைவு, சின்னச் சுருள். உள்ளங்கை நிறைந்ததும் நிமிர்ந்து பார்த்தேன்.

அம்மா தன் கையைப் பார்த்தார். பிறகு அதை நாத்தனாரிடம் திருப்பிக் காட்டினார்.

மயில் தோகை. அதன் கண்ணுக்குள் அதே எழுத்து.

அது ஓர் எழுத்து என்று அதற்குள் எனக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் இந்த வீடு இப்படிக் கிடக்கிறது என்றும் தெரியும். தெரிந்தும் அதையே போட்டிருக்கிறேன், போட்டதுகூடத் தெரியாமல்.

"பாத்தீங்களா?" என்றார் அம்மா. "புள்ள எதும் சொல்லுலீங்க. இவங்களுக்கே தெரியாம கை போடுது."

அத்தை என் முகத்தைப் பார்த்தார். அங்கே நடிப்பு எதுவும் இல்லை என்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். நான் பேயறைந்தது போல உட்கார்ந்திருந்தேன். "கண்ணைத் தொறந்து வெச்சுட்டுப் போடோணுமுங்க" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். அம்மா முந்தானையால் தன் உள்ளங்கையை அழுத்தித் துடைத்துக்கொண்டார். மகளிடம், "அழுவாத அம்மணி, மூஞ்சியக் கழுவு, வீங்கிப் போயிரும்" என்றார். அவளிடம் மன்னிப்பாக ஒரு வார்த்தை சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை.

பெண் பிழைத்தாள். எனக்கு நிம்மதியாக இருந்திருக்க வேண்டும். ஆனால் எது அவளைக் காப்பாற்றியது என்று நினைத்தபோது, எழுந்து ஓடிவிடலாம் போல இருந்தது. என்னிடம் சொந்தமாக எதுவுமே மிச்சமில்லை என்பதுதான் அங்கே சாட்சி சொன்னது.

அந்த எழுத்தை மறைக்க வேண்டியிருந்தது. சிவந்த மருதாணியை அழிக்க முடியாது, மேலே ஏதாவது போட்டு மூடத்தான் முடியும். போனைப் பையில் போட்டு மூடிவிட்டு அவள் கையை என் மடியில் வைத்துக்கொண்டேன். மனம் துடைத்துப் போட்டது மாதிரி வெறுமையாக இருந்தது. ஜன்னலுக்கு வெளியே பாக்கு மரத்தில் ஒரு வெற்றிலைக் கொடி ஏறியிருந்தது. அதைப் பார்த்து ஓர் இலையைப் போட்டேன். தோகையோடு அது கொஞ்சமும் சேரவில்லை. அளவுக்கு மீறிப் பெரிதாக, ஒரு பக்கம் சாய்ந்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை வரைந்தது போல இருந்தது. நரம்புகளை இழுத்து எழுத்தை மூடினேன்.

அறையில் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது அவள் மெதுவாகச் சொன்னாள். "காத்தால இருந்து நானும் சொல்லிட்டேதான் இருந்தேனுங்கக்கா. எங்கம்மாகூட நம்புலீங்க. உங்க கை சொன்னதும் நம்பிட்டாங்க."

மன்னிச்சிரு கண்ணு என்றேன். அவள் தலையை ஆட்டினாள். சரி என்றா, வேண்டாம் என்றா, எனக்குத் தெரியவில்லை.

கல்யாணம் நடந்தது என்று கேள்விப்பட்டேன். அந்த வீட்டிலிருந்து மறுபடி யாரும் கூப்பிடவில்லை. அவள் எப்படி இருக்கிறாள் என்று கேட்க எனக்கும் முகமில்லை. தன் சொல்லுக்கு மதிப்பில்லாத ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போயிருக்கிறாள். அங்கேயாவது யாராவது காது கொடுத்துக் கேட்கட்டும் என்று தொழுகையில் சில நாள் நினைத்துக்கொள்வேன்.

சேமித்ததையெல்லாம் அன்றைக்கே அழித்துவிட்டேன் என்று சொன்னால் கேட்க நன்றாக இருக்கும். அழிக்கவில்லை. மனசு வரவில்லை. சில நாள் மத்தியானங்களில் கட்டைவிரல் பழையபடி தள்ள ஆரம்பித்துவிடும். அந்தப் பெண்ணின் தடித்த கன்னம் ஞாபகத்துக்கு வந்ததும் போனைக் கவிழ்த்து வைப்பேன். என் கொடி இன்னும் முழுதாகத் திரும்பி வரவில்லை, இனி வருமா என்றும் தெரியாது. எதிரில் இருப்பவர்கள் காட்டும் படத்தைத் தள்ளிவிட்டு நானாகப் போட்டால் சிலர் முகம் சுளிக்கிறார்கள், அடுத்த முறை வேறு ஆளிடம் போய்விடுகிறார்கள்.

இருந்தாலும் இப்போதெல்லாம் யார் கையைப் பிடித்தாலும் எனக்குத் தானாகத் தோன்றுகிற ஒரு கோட்டைப் போட்ட பிறகுதான் மற்றதைத் தொடங்குகிறேன். கோணலோ மாணலோ, இது எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் என்னிடமிருந்துதான் என்று சொல்ல முடிகிறது, அன்றைக்கு அந்தப் பெண்ணுக்காக என்னால் சொல்ல முடியாமல் போனது அந்த ஒரு பதில்தான்.