கொக்கித் தராசில் ஒரு பேஸ் கிட்டார்

கண்டரமாணிக்கத்துத் திருவிழாக் கச்சேரியில், பாதிப் பாட்டில் நான் பேஸ் கிட்டாரைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டேன். இடுப்பில் பிடித்த வலி இடது கால் பெருவிரல் வரைக்கும் இறங்கியிருந்தது. ஸ்பீக்கர் பெட்டியைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினேன். கீபோர்டு வாசிப்பவர் திரும்பிப் பார்த்தார். மறு நொடியே இடது கையால் என் பங்கான கனத்த கீழ்ஸ்வரங்களையும் சேர்த்து வாசிக்க ஆரம்பித்துவிட்டார். பாட்டு முடிந்ததும் கைதட்டினார்கள், விசில் அடித்தார்கள். மேடையில் ஓர் ஆள் குறைந்தது ஒருத்தருக்கும் தெரியவில்லை. வலியைக்கூடப் பொறுத்துக்கொண்டேன், இதைப் பொறுக்க முடியவில்லை.

வளைகுடாவில் கிடங்கு வேலை பார்த்துக் கெட்டுப்போன முதுகு அது. முதுகெலும்பில் வட்டு விலகியிருக்கிறது என்று முன்பே சொல்லியிருந்தார் காரைக்குடி டாக்டர். கனம் தூக்கக் கூடாது, ரொம்ப நேரம் உட்காரவும் கூடாது.

"அப்ப நின்னுக்கிட்டே வாசிக்கலாமா டாக்டர்?"

"நிக்கலாம். ஆனா சும்மா நிக்கணும்."

சும்மா நிற்பதற்கு நான் என்ன கொடிக்கம்பமா?

கண்டரமாணிக்கத்திலிருந்து வேனில் திரும்பும்போது குழுவின் தலைவர் பேச்சை எடுத்தார். அவர்தான் எங்கள் பாடகரும். என்னைவிட இளையவர், நல்ல மனுஷன்தான். அன்றைக்கு எனக்கு அப்படித் தோன்றவில்லை.

"பாய், அடுத்து வர்ற ஒக்கூர் கச்சேரிக்கு நீங்க ரெஸ்ட் எடுங்க. பேஸை கீபோர்டுலயே சமாளிச்சுக்கிடுவோம். இன்னைக்கு யாருக்காச்சும் தெரிஞ்சுச்சா, சொல்லுங்க?"

"எனக்குத் தெரிஞ்சுச்சுல்ல?"

"கோவிச்சுக்கிடாதீக பாய். ஒங்க ஒடம்புக்காகத்தான் சொல்றேன்."

"ஒடம்பு என்னோடது. ஒக்கூர்ல மொதப் பாட்டுல இருந்து கடைசிப் பாட்டு வரைக்கும் நின்னு வாசிப்பேன். நடுவுல எறக்கி வச்சேன்னா, அதுக்கப்புறம் என்னையக் கூப்பிடவே வேணாம்."

வாய் சும்மா இருந்தால்தானே! சொல்லி முடித்த பிறகுதான் யோசித்தேன். அந்த மேடையை விட்டால் எனக்கு வேறு என்ன இருக்கிறது? கிடங்கில் பெட்டி தூக்கிய காலமெல்லாம், ஊருக்குப் போய் நாலு கம்பியைத் தொடலாம் என்றுதானே இருந்தேன்.

வெளிநாடு போய்வந்தவர்கள் வீட்டில் எல்லாம் ஒரு கொக்கித் தராசு கிடக்கும். உள்ளங்கைக்குள் அடங்குகிற சாமான். பெட்டியின் கைப்பிடியில் கொக்கியை மாட்டித் தூக்கினால் எடை காட்டும். விமான நிலையத்தில் நாலு பேர் பார்க்கப் பெட்டியைப் பிரித்துப் பேரீச்சம்பழத்தை வெளியே எடுக்கிற மானக்கேடு வராமல் இருக்க வாங்கி வைப்பது. வீட்டுக்கு வந்ததும் அதில் என் பழைய கிட்டாரை மாட்டிப் பார்த்தேன். ஐந்து கிலோவுக்குக் கொஞ்சம்தான் குறைவு. இதையா ஒற்றைத் தோளில் கச்சேரி முழுக்கச் சுமந்துகொண்டிருந்தேன் என்று எனக்கே ஆத்திரமாக வந்தது.

தராசைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மதுரைக்குப் பஸ் ஏறினேன். இசைக்கருவிக் கடையில் ஒவ்வொரு பேஸையும், கம்பி முறுக்கும் கீ இருக்கிற தலைப்பக்கத்தில் கொக்கியை மாட்டித் தூக்கினேன். எடை எதில் குறைவோ அதுதான் எனக்கு என்று முடிவு. ஒன்று மூன்று கிலோவைக்கூடத் தொடவில்லை. மரமா தக்கையா என்று தட்டிப் பார்த்தேன். தோளில் போட்டுக் கொஞ்ச நேரம் வாசித்ததில் சத்தமும் மோசமில்லை. ஊர் திரும்பும்போது சீட் காலியாக இருந்தும் திருப்பத்தூர் வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன். அவ்வளவு சந்தோஷம்.

அந்தச் சந்தோஷம் அடுத்த ஒத்திகையில் மூன்று பாட்டுக்குத் தாங்கியது. இடது கையைக் கொஞ்சம் தளர்த்தினால் போதும், கிட்டாரின் கழுத்து தரையைப் பார்த்துச் சாய்ந்தது. உடல் பகுதி காற்றாக இருந்தது, தலையோ இரும்புக் கீக்களோடு கனத்தது. வாசிக்க வேண்டிய கை தாங்கிப் பிடிக்கிற கையாகிவிட்டது. உடம்பைக் கோணிக்கொண்டு நின்றதில் தோள் பிடித்துக்கொண்டது, பிறகு பழையபடி இடுப்பு. தலைவர் பார்த்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விட்டார். ஏதாவது சொல்லியிருந்தால் சண்டையாவது போட்டிருப்பேன்.

"கடைக்காரன் என்னமோ தில்லுமுல்லு பண்ணிட்டான்" என்று வீட்டில் கத்தினேன். இந்த முறை தோளில் மாட்டுகிற பெல்ட்டின் நடுவில் கொக்கியைப் போட்டுத் தூக்கினேன். சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். ஒவ்வொரு பயணத்துக்கும் எனக்குப் பெட்டி கட்டியவள் அவள்தான்.

"ஏங்க, எடையெல்லாம் சரியாத்தான் காட்டுது. அது தொங்குற லட்சணத்தப் பாத்தீகளா? தலை தரையில முட்டுது."

"அதுக்கு?"

"அதுக்கா? ஒரு தடவ நீங்களே பெட்டி கட்டிக்கிட்டுப் போனீகளே, மறந்து போச்சா? எடை சரியா இருந்துச்சு, இழுக்க இழுக்கக் குப்புற விழுந்துச்சுன்னு போன்ல பொலம்புனீக. எவ்வளவு கனம்னு மட்டும் பாத்தா ஆச்சா, கனம் எங்குட்டு இருக்குன்னு பாக்க வேணாமா?"

நாலு கம்பியில் எதற்கு என்ன பெயர் என்றுகூட அவளுக்குத் தெரியாது. எரிச்சலாக வந்தது, அதைவிடச் சிரிப்பு அதிகமாக வந்தது. மறுநாள் அவளையும் கூட்டிக்கொண்டு மதுரைக்குப் போனேன்.

மாற்றித் தர முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார் கடைக்காரர். என் மனைவி ஒவ்வொரு கிட்டாராக பெல்ட்டில் கொக்கியைப் போட்டுத் தூக்கி, தலையைச் சாய்த்துப் பார்த்தாள். கடைக்காரரால் தாங்க முடியவில்லை.

"அம்மா, இது என்ன மீன் கடையா?"

"மீனுன்னா செவுளத் தூக்கிப் பாத்து வாங்கிருவேன். இதுக்குத்தான் செவுள் இல்லையே."

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். கடைசியில் ஒன்று கொக்கியில் அசையாமல், தலையைச் சற்றே உயர்த்திக்கொண்டு நின்றது. உடலிலிருந்து கழுத்தை ஒட்டி நீட்டிக்கொண்டிருக்கும் அதன் மேல்கொம்பு மற்றதைவிட நீளம். பெல்ட் மாட்டும் பட்டன் அந்தக் கொம்பின் நுனியில், கழுத்துப் பக்கமாகத் தள்ளி இருந்தது. முதலில் வாங்கியதைவிட அரைக் கிலோ கூடுதல்தான். அகலமான பெல்ட்டாக ஒன்று வாங்கி மாட்டிக்கொண்டேன்.

"ரெண்டு கையையும் விட்டுட்டு நில்லுங்க" என்றாள். விட்டேன். கிட்டார் இருந்த இடத்திலேயே இருந்தது. கால் மணி நேரம் அப்படியே நின்றேன்.

"பாய், வாசிக்க வந்தீகளா, சும்மா நிக்க வந்தீகளா?" என்றார் கடைக்காரர்.

"சும்மா நிக்கத்தான்" என்றேன். இடுப்பில் வலி இல்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று அங்கேயே கத்தியிருப்பேன்!

ஒக்கூரில் மேடை ஏறினேன். சாமி பாட்டில் தொடங்கி, காதல் பாட்டு, குத்துப் பாட்டு என்று போய்க்கொண்டே இருந்தது. பாட்டுக்குப் பாட்டு தலைவர் ஓரக்கண்ணால் என் தோளைப் பார்த்தார். பாரு, நல்லாப் பாரு என்று நானும் நிமிர்ந்து நின்றேன். இடது கை அதன் வேலையை மட்டும் செய்தது. கடைசிப் பாட்டு வந்தபோது கூட்டம் எழுந்து ஆடிக்கொண்டிருந்தது. கீபோர்டுக்காரருக்கு இரண்டு கையும் போதவில்லை. கால் கொஞ்சம் மரத்திருந்ததே தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. ஜெயித்துவிட்டேன்.

அதோடு விட்டிருக்கலாம். நான் இல்லாதது தெரியாமலே தட்டிய கண்டரமாணிக்கத்துக் கைதட்டல் நினைவுக்கு வந்தது. கிட்டாரைக் கழற்றவில்லை, நின்ற இடத்தில் நின்றபடியே உள்ளங்கையால் நாலு கம்பியையும் பொத்தினேன்.

பாட்டு சட்டென்று மெலிந்து போனது. முன்னால் ஆடிக்கொண்டிருந்தவர்கள் கால் தடுமாறி மேடையைப் பார்த்தார்கள். தலைவர் பதறித் திரும்பினார். மைக்கை வாயிலிருந்து எடுக்க மறந்துவிட்டார்.

"பாய்! பேஸ் எங்க பாய்?"

ஒக்கூர் முழுக்க அது கேட்டது. என் காதில் மட்டும் விழவில்லை. இன்னொரு தடவை கூப்பிடட்டும் என்று, டாக்டர் சொன்னபடி சும்மா நின்றேன்.