கம்பம் யாருடையது

அந்த வருஷக் காற்றில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில், நாங்கள் இருக்கும் லயத்து வரிசை வீடுகளுக்கு மேலே நின்ற சவுக்கு மரம் கரண்ட் கம்பியில் சாய்ந்தது. கம்பங்கள் இரண்டு முறிந்தன. தோட்டத்து ஆட்கள் மரத்தை வெட்டி விறகுக்குக் கொண்டுபோனார்கள். கம்பங்கள் மாசக் கணக்கில் அப்படியே கிடந்தன.

நான் வீட்டிலிருந்து தைப்பவள். மோட்டார் பூட்டிய என் மெசின் சும்மா கிடந்தது. அதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பக்கத்துக் காம்பரா வீட்டில் இருந்த அக்கா கொழுந்து பறிப்பவர், அவருக்கு மூச்சுத் திணறல். ஆஸ்பத்திரியில் சொல்லி வாங்கிய நெபுலைசர் மெசினில்தான் மருந்துப் புகை பிடிப்பார். அதற்கும் கரண்ட் வேண்டும்.

இரண்டு பேரும் தலவாக்கலை டவுனில் உள்ள கரண்ட் கந்தோருக்குப் புகார் சொல்லப் போனோம். அங்கிருந்த ஐயா கோபப்படாமல்தான் பேசினார். "ஃபேக்டரி ட்ரான்ஸ்போமர் வரைக்கும்தான் எங்க லைன். அதுக்கு அங்கிட்டு தோட்டத்தோடது" என்றார். தோட்டத்துக் கந்தோரில் கேட்டால், "கம்பம் நட்டது அவங்க. நாங்க தொட்டா எங்க மேல கேஸ் வரும்" என்றார்கள். இப்படியே மாறி மாறி நடந்தோம். அக்காவுக்கு மூச்சு முட்டும்போதெல்லாம் டவுனில் எனக்குத் தையல் வேலை கொடுக்கும் முஸ்லிம் துணிக்கடைக்குக் கூட்டிப் போவேன். முதலாளி தன் ஸ்டூலைத் தள்ளிப் போட்டு பிளக்கைக் காட்டுவார்.

ஒருநாள் அவர்தான் பேப்பரைப் பார்த்துச் சொன்னார். "தங்கச்சி, கரண்ட் கட்டணத்தக் கூட்டுறதுக்கு முன்னால சனங்ககிட்ட கருத்துக் கேக்குறாங்களாம். கரண்ட் காரங்களக் கண்காணிக்கிற ஆணைக்குழு நுவரெலியாவுக்கு வருது. யாரும் போய்ப் பேசலாமாம்."

கூட்டம் ஒரு மாடி மண்டபத்தில். ஹோட்டல்காரர்கள், மரக்கறி வியாபாரிகள் எல்லாம் பேசி முடித்த பிறகு எங்களைக் கூப்பிட்டார்கள். தமிழுக்கு மொழிபெயர்ப்பவர் வரவில்லை, சிங்களத்திலேயே சொல்லுங்கள் என்றார் ஆணைக்குழுத் தலைவர்.

சிங்களம் எனக்கு நன்றாகவே வரும். அதனால் சிங்களத்திலேயே பதில் சொன்னேன்: "எனக்கு உங்க பாஷை தெரியும் சேர். ஆனா இது எங்க லயத்து முறைப்பாடு. தமிழ்ல சொல்லத்தான் பஸ் ஏறி வந்தோம். ஆள் வர்ற வரைக்கும் நிக்கிறேன்."

நின்றேன். பின்வரிசையில் முணுமுணுப்பு எழுந்தது. கடைசியில் ஆணைக்குழுவைச் சேர்ந்த ஓர் இளம் பெண் எழுந்து, "நான் சிங்களத்துல சொல்றேன், நீங்க பேசுங்க" என்று தமிழில் சொன்னாள்.

கம்பம் விழுந்ததிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். தலைவர் இடைமறித்தார். இது கட்டணத்துக்கான கூட்டம், பழுதுக்கு வேறு இடம் என்றார்.

"நானும் கட்டணத்தப் பத்தித்தான் கேக்குறேன். கரண்டே வராத லயத்துக்கு எந்தக் கட்டணம் சேர்?"

அவர் பதில் சொல்வதற்குள் அக்காவுக்கு இழுப்பு வந்துவிட்டது. மாடிப்படி ஏறியதும், அந்த மண்டபத்துக் கூட்ட நெரிசலும் காரணமாக இருக்கலாம். அக்கா யாரையும் கேட்கவில்லை. பையிலிருந்த மெசினை எடுத்து, சுவரில் இருந்த பிளக்கில் செருகி, மாஸ்க்கை மூக்கில் வைத்தார். மெசின் உறுமியது. மருந்து முடிகிறவரை எல்லோரும் காத்திருந்தார்கள்.

அக்கா மாஸ்க்கை இறக்கினார். "இது இங்க ஓடுது. எங்க வீட்டுல ஓடல. கம்பம் யாரோடதுன்னு எங்களுக்குத் தெரியாது. நீங்க சொன்னா கரண்ட் காரங்க கேட்டுத்தான் ஆகணும்ங்கிறாங்க. அதான் வந்தோம். சொல்லுங்க."

தலைவர் முன்வரிசைப் பக்கம் திரும்பினார். எங்களைத் திருப்பி அனுப்பிய அதே கரண்ட் கந்தோர் ஐயா அங்கே உட்கார்ந்திருந்தார். "கம்பம் யாருடையது?" என்று அவரிடம் கேட்டார் தலைவர். ஐயா பார்த்துச் சொல்வதாகச் சொன்னார்.

ஆணைக்குழுவின் ஆட்கள் பிறகு எங்கள் லயத்துக்கே வந்து, சேற்றில் இறங்கிக் கம்பங்களைப் பார்த்தார்கள். கம்பம் கரண்ட் காரர்களுடையதுதான் என்று முடிவானது. புதுக் கம்பங்கள் வந்தன. என் மெசின் ஓடியது.

கரண்ட் வந்த அடுத்த நாள் காலைப் பெரட்டில், வேலை பிரித்துக் கொடுப்பதற்காக எல்லோரும் வரிசையில் நிற்கும்போது, தோட்டத்துக் கணக்கப்பிள்ளை அக்காவைப் பார்த்து, "வெளியில போய்த் தோட்டத்து மானத்த வாங்கிட்டீங்களே" என்றார்.

"எங்க மூச்சு போனப்ப அந்த மானம் எங்க இருந்திச்சு?" என்று கேட்டார் அக்கா.

அந்த வாரம் முழுக்க அவரைச் செங்குத்தான மலைக்கு அனுப்பினார்கள். அக்கா போனார். மூச்சு வாங்கிய இடத்தில் உட்கார்ந்தார். கங்காணி கத்தினாலும் மூச்சு அடங்கிய பிறகுதான் எழுந்து பறித்தார்.

இப்போது வீட்டுக்கொரு மீட்டர் கேட்கிறோம். லயம் தோட்டத்துடையது, தோட்டத்து மேனேஜர் துரை சம்மதிக்க வேண்டும் என்கிறார்கள் கரண்ட் கந்தோரில். துரை இன்னும் சம்மதிக்கவில்லை. ஆணைக்குழுவின் அடுத்த கூட்டம் கண்டியில் நடக்கப்போகிறதாம். லயத்தில் எல்லோரும் சேர்ந்து ஒரு வேன் பேசி வைத்திருக்கிறோம். அக்கா முன் சீட்டில்.