எறும்புச் சாரி

“பயங்கரவாதத்துக்குப் பணம் போகும் பாதைகளை இரும்புக்கரம் கொண்டு அடைப்பவர்” என்று நிதிப் புலனாய்வுத் துறையின் ஆண்டு மலர் அந்த அம்மாளை வருணிக்கிறது. அந்த இரும்புக்கரத்துக்கு மருந்து பாட்டிலின் மூடி அசைந்து கொடுப்பதில்லை. கணவரைத்தான் கூப்பிட வேண்டும்.

“ஊரான் கணக்கையெல்லாம் மூடுறே, ஒரு மூடியத் திறக்கத் தெரியலையே!”

“மூடுறதுக்குத்தாங்க எனக்குச் சம்பளம்.”

பணியில் சேர்ந்த நாளிலிருந்து துப்பாக்கியைக் கையால் தொட்டதில்லை. திரையில் நகரும் தொகைகளோடு பேசுவதுதான் வேலை. “எங்கடா கண்ணு கிளம்பிட்டே?” என்று கொஞ்சுவார், பதில் பிடிக்காவிட்டால் முடக்கிவிடுவார். பல ஊர்களிலிருந்து சில்லறைத் தொகைகள் ஒரே கணக்குக்கு வந்து, அன்றைக்கே துடைத்து எடுக்கப்பட்டால் அதற்கு அவர் வைத்த பெயர் எறும்புச் சாரி. அப்படிப்பட்ட சாரியைத் தொடர்ந்து போய் இரண்டு குண்டுவெடிப்புக் கும்பல்களைப் பட்டினி போட்டவர். “முதல்ல கதவைச் சாத்து, அப்புறம் யாருன்னு கேளு” என்பது அவர் கொள்கை.

போன வாரம் ஒரு சாரி சிக்கியது. காலையில் கதவைச் சாத்தினார். மதியம் யாரென்று கேட்க உட்கார்ந்தார். பணம் வந்த இடமெல்லாம் நெடுஞ்சாலை டீசல் பங்க்குகள்.

“குண்டு வைக்கிறவன் டீசலுக்கு வரிசையில நின்னுக்கிட்டா பணம் அனுப்புவான்?” என்று தனக்குக் கீழுள்ள கண்காணிப்பாளரிடம் கேட்டுவிட்டு, கணக்குக்கு உரியவரைத் தானே போனில் அழைத்தார். மருத்துவமனையில் இருந்தபடி எடுத்தவள் ஒரு லாரி ஓட்டுநரின் மனைவி.

“விபத்துல அவருக்கு இடுப்பு நொறுங்கிடுச்சும்மா. கூட ஓட்டுறவங்க ஆளுக்குக் கொஞ்சம் அனுப்புறாங்க, நான் அன்னன்னைக்கே ஆஸ்பத்திரியில கட்டிடுறேன். மீதிய இன்னைக்குச் சாயங்காலத்துக்குள்ள கட்டினாத்தான் நாளைக்கு ஆபரேஷனாம். பேங்க்ல கேட்டா மேலிடத்துல நிறுத்திட்டாங்கன்னு சொல்றாங்க. அந்த மேலிடம் யாரும்மா?”

“நான்தாம்மா. போனை வெச்சிடாதே.”

இன்னொரு போனில் மருத்துவமனையையும் இரண்டு டீசல் பங்க்குகளையும் விசாரித்தார். எல்லாம் உண்மை. இத்தனை காலத்தில் தன் சந்தேகம் பொய்த்ததற்காக அவர் பெருமூச்சு விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

கண்காணிப்பாளர் கையைப் பிசைந்தார். “விடுவிக்கணும்னா கமிட்டி கூடணுமே மேடம். புதன்கிழமைதான் கூடும்.”

“பூட்டும்போது எந்தக் கமிட்டியக் கேட்டோம்?”

தன் பொறுப்பில் கையெழுத்திட்டுக் கணக்கை விடுவித்தார். மருத்துவமனைக் கவுண்டரில் ரசீது கிழிபடும் சத்தம் காதில் விழும்வரை ரிசீவரைக் கீழே வைக்கவில்லை.