வைரஸ் என்று சொன்னேன்

ஒரு வெள்ளிக்கிழமை மதியம், நானா ஜும்ஆத் தொழுகைக்குப் போயிருந்த நேரத்தில், அலுவலகக் கணினியில் அவர் சேர்த்து வைத்திருந்த இசை முழுவதையும் நான் அழித்தேன். திரும்பி வந்து கேட்டவரிடம் வைரஸ் அழித்துவிட்டது என்று சொன்னேன். இதைச் சுற்றி வளைத்துச் சொல்ல விருப்பமில்லை. அன்று எனக்கு நாற்பத்தெட்டு வயது. செய்வது என்னவென்று தெரிந்துதான் செய்தேன்.

பேராதனைக்கு அருகில் ஓர் ஆய்வு அலுவலகத்தில் நான் நிர்வாக உத்தியோகத்தராக இருந்தேன். நானா அங்கே களஞ்சியப் பொறுப்பாளர்; திகனையிலிருந்து பஸ்ஸில் வருவார். வயதில் என்னைவிட இளையவர்தான், ஆனாலும் முஸ்லிம்கள் அண்ணனை அழைப்பதுபோல, பணிப்பாளர் முதல் காவலாளி வரை எல்லோருக்கும் அவர் ‘ஸ்டோர் நானா’. இணையம் இருந்த ஒரே கணினி என் அறையில் இருந்தது. ஏதோ இயந்திரத்தின் உதிரிப்பாகம் தேடப்போய், எதை அழுத்தினாரோ, அதிலிருந்து நாதஸ்வரம் ஒலித்தது. நானா கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“சேர், இது கலியாண ஊட்டுல ஊதுறது தானே? ரோட்டால போற நேரம் எத்தன தரம் கேட்டீக்கிறேன். ஒரு நாளும் இப்பிடி நிண்டு கேட்டதில்ல.”

அதன்பின் தினமும் காலை ஏழு மணிக்கே வந்துவிடுவார். அப்போது இணையம் தொலைபேசிக் கம்பி வழியாக வந்தது. ஒரு பாட்டு இறங்க ஒரு மணித்தியாலம் ஆகும். இடையில் யாராவது ரிசீவரைத் தூக்கினால் எல்லாம் போய்விடும். அதனால் ரிசீவரில் ‘தொட வேண்டாம், பாட்டு வருகிறது’ என்று துண்டுக் காகிதம் கட்டி வைப்பார். இறங்கிய ஒவ்வொன்றுக்கும் களஞ்சியச் சாமான்களுக்கு எழுதுவதுபோலவே ஓர் இருப்பு அட்டை. ராகத்தின் பெயர், எவ்வளவு நேரம், எந்த ராகத்தோடு மாறுபடும், எந்த இடத்தில் மாறுபடும் என்று குண்டு குண்டான எழுத்தில் எழுதியிருப்பார். சுரங்களின் பெயர் அவருக்குத் தெரியாது. ‘மேல ஏறுற நேரம் நடுவுல ஒரு படி உயரம்’ என்றுதான் எழுதுவார். அது பிழையானதே இல்லை.

நான் யாழ்ப்பாணத்தான். கோயில் வீதியில் நாதஸ்வரம் கேட்டு வளர்ந்தவன் என்பதில் எனக்குத் தலைக்கனம். நானா ஒவ்வொரு பாட்டாகக் கொண்டுவந்து “இது என்ன ராகம் சேர்?” என்று கேட்ட காலம்வரை எல்லாம் இனிமையாகத்தான் இருந்தது. கேட்பதை அவர் நிறுத்தியதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஒரு நாள் கொழும்பிலிருந்து கணக்காய்வுக்கு வந்த அம்மையார் என் அறையில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தார். கணினியில் ஆலாபனை ஓடியது. அவர் கேட்காமலே நான், “இது பந்துவராளி” என்றேன். கோப்போடு வாசலில் நின்ற நானா வாய் தவறி, “பூர்விகல்யாணி சேர்” என்றார். அம்மையார் சங்கீதம் படித்தவர். கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “ஸ்டோர் கீப்பர் சொல்றதுதான் சரி” என்று சிரித்தார். நானா பதறிப்போனார். “சேருக்கு இண்டைக்குக் காலையில இருந்து தல வலி” என்று எனக்காக ஒரு பொய் சொன்னார். அந்த இரக்கம் என்னைச் சுட்டது. அடுத்த வெள்ளிக்கிழமைதான் நான் முதலில் சொன்ன காரியத்தைச் செய்தேன்.

அழித்ததைவிடப் பெரிய குற்றம் ஒன்று உண்டு. வெறுமையான திரையைப் பார்த்துக்கொண்டு நின்ற நானா மெதுவாகக் கேட்டார்: “போன கெழம நான் கண்டி டவுண்ல வாங்கிட்டு வந்து போட்ட சீடியால வந்தீக்குமோ சேர்?”

“இருக்கலாம்” என்றேன்.

அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு நானா அந்தக் கணினியின் முன் உட்காரவே இல்லை. அன்று மாலை அட்டைகளைக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு பஸ்ஸுக்குப் போனார். நான் அவற்றைப் பொறுக்கி எடுத்தேன். வீட்டு அலுமாரியில் இருபது வருடத்துக்கு மேல் கிடந்தன.

ஓய்வுபெற்று, மனைவியும் போனபின், கைப்பேசியில் இசை கேட்பதே என் பொழுது. இன்று எதைக் கேட்டாலும் நொடியில் வருகிறது. சென்ற வருடம் அட்டைகளை எடுத்து வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகத் தேடினேன். அறுபத்து மூன்றில் ஐம்பத்தொன்று கிடைத்தன. ஒரு பென்டிரைவில் ஏற்றி, அட்டைகளையும் எடுத்துக்கொண்டு திகனைக்குப் போய், நடந்ததைச் சொன்னேன்.

நானா அட்டைகளை ஒவ்வொன்றாகப் புரட்டினார். “அப்ப சீடியால இல்லயா?” என்றார். இல்லை என்றேன். மறுபடியும் அதையே கேட்டார். பிறகு உள்ளே பார்த்து, “மகள், இங்க வாங்க. ஒங்கட வாப்பாட சீடியால இல்லயாம்” என்றார்.

மகள் ஆசிரியை. கதவடியில் நின்று என்னை நேராகப் பார்த்தாள். “வாப்பா எங்கட கம்ப்யூட்டரத் தொடவே மாட்டார் சேர். நான் தொட்டா பழுதாப் போகும் எண்டு செல்லுவார். நாங்க எல்லாரும் பகிடி பண்ணிச் சிரிச்சீக்கிறோம்.”

“பாட்டு போனா திரும்ப எறக்கலாம் சேர்” என்றார் நானா. “அண்டைக்கே செல்லீந்தா ஏசீப்பேன். அடுத்த நாள் ஏழு மணிக்கு வந்தீப்பேன்.”

தேநீர் தந்தார்கள். வாசல்வரை அவர் வரவில்லை. ஒரு மாதம் எந்தத் தகவலும் இல்லை. மன்னிப்புக் கேட்டவனுக்கு அது கிடைத்தே ஆகவேண்டும் என்று சட்டமில்லை என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். பிறகு ஒரு காலை, சரியாக ஏழு மணிக்கு, வாட்ஸ்அப்பில் ஒரு துண்டு நாதஸ்வரமும் அவருடைய குரலும் வந்தன: “இது என்ன ராகம் செல்லுங்க பாப்பம்.”

“தெரியாது நானா” என்று பதில் அனுப்பினேன். எழுதும்போது சுகமாக இருந்தது.

மகள் வாங்கிக் கொடுத்த டேப்லெட் கணினியில் இப்போது நானா நாள் முழுக்கக் கேட்கிறார். பிழையான பெயர் ஒட்டிய சாமான் தட்டில் இருப்பதை அவரால் என்றுமே பொறுக்க முடியாது. தமிழ்நாட்டில் யாரோ யூடியூபில் ஏற்றிய பழைய ஒலிப்பதிவு ஒன்றின் கீழ், ‘இது தர்பார் இல்லை, நாயகி. பெயர் பிழை’ என்று எழுதிவிட்டார். ‘பெரிய வித்துவானோ?’ என்று ஒருவர் நக்கலடித்தார். நானா எந்த நிமிடத்தில், எந்த வினாடியில் கேட்க வேண்டும் என்று நான்கு இடங்களைக் குறித்துக் கொடுத்தார். மூன்றாம் நாள் தலைப்பு மாறியது. ‘நன்றி ஐயா, யாரிடம் பயின்றீர்கள்?’ என்று கேட்டார்கள். ‘ஒஃபிஸ் கம்ப்யூட்டரில். எங்கட சேர் இடம் தந்தார்’ என்பது நானாவின் பதில்.

அதை நான் பத்துப் பேருக்காவது காட்டியிருப்பேன். என் பிள்ளைகள் பட்டம் பெற்றபோதும் இவ்வளவு பெருமைப்பட்டேனா தெரியாது. ஆனால் அந்தக் கடைசி வரி உறுத்தியது. அவரை அழைத்தேன்.

“நானா, இடம் தந்தவன்தான் அழிச்சவனும் எண்டு சேர்த்து எழுதியிருக்கலாமே.”

“அத நான் எழுத ஏலாது சேர்” என்றார். “அது நீங்க எழுத வேண்டியது.”

இதோ, எழுதிவிட்டேன்.