பனி பிடித்த மாடல்கள்

குட்டி வீட்டுக்குப் பெயிண்ட் அடிப்பது குழந்தை விளையாட்டு என்று நினைக்கிறவர்கள், ஒரு கர்க்கடக மழையில், அதாவது நம்ம ஆடி மாசத்தில், திருவனந்தபுரம் வந்து அடித்துப் பார்க்கட்டும்.

ஃப்ளாட் விற்கிற ஆபீஸ்களில் கண்ணாடிப் பெட்டிக்குள் காரும் மரமும் நீச்சல் குளமுமாக ஒரு மாடல் நிற்குமே, அது எங்கள் பிழைப்பு. கிழக்கேகோட்டைப் பக்கம் ஒரு மாடி அறைதான் பட்டறை. வெட்டுவதும் ஒட்டுவதும் நான். பெயிண்ட், என் வீட்டுக்காரி மல்லிகாவின் அண்ணன் சுடலைமுத்து மச்சான், வள்ளியூர்க்காரர். பிரஷ்ஷா ஸ்ப்ரேயா, தண்ணி பெயிண்டா தின்னர் பெயிண்டா என்றே ஆயுசைத் தொலைக்கிற சக பாவிகளே, நான் பட்டதைக் கொஞ்சம் கேளுங்கள்.

கை தெரியக் கூடாது

எங்கள் பெரிய கஸ்டமர் ராஜசேகரன் சார், ஃப்ளாட் கட்டி விற்கிற மலையாளி. முதல் மாடலைத் தண்ணி பெயிண்டில், பிரஷ்ஷால் அடித்துக் கொண்டுபோனோம். மனுஷன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார். சுவரில் மெல்லிசாகக் கோடு தெரிகிறதாம்.

ஸ்ப்ரேதான் வேண்டும், அதுவும் பளபளவென்று என்றார். எங்களிடம் அந்தப் பளபளப்புக்குத் தின்னர் பெயிண்ட்தான். ஈரத்தில் தூசி ஒட்டாமலிருக்க ஜன்னலைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, அந்தப் புகைக்குள் ஒரு ஆள் நிற்க வேண்டும். நான் தயங்கி இழுத்தேன். சார் சிரித்தபடி முதுகில் தட்டினார். “செய்த ஆளோட கை தெரியக் கூடாது, கேட்டோ. ஆளே இல்லாம செய்த மாதிரி இருக்கணும்.”

ஆணியில் தொங்கிய மாஸ்க்

மச்சானுக்கு இருமல் வந்தது. மல்லிகா அலைந்து திரிந்து நல்ல மாஸ்க் ஒன்று வாங்கி வந்தாள். அது ஆணியில் தொங்கியது. மச்சான் வெறும் மூக்கோடு நின்றார். டாக்டர் எக்ஸ்ரே படத்தைத் தூக்கிப் பிடித்து, நுரையீரல் கெட்டிருக்கிறது, இனி தின்னர் பக்கமே போகக் கூடாது, போனால் தாங்காது என்று பச்சையாகவே சொல்லிவிட்டார். மல்லிகா அங்கேயே அழுதுவிட்டாள்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நான் கத்தினேன். எருமை மாட்டின் மேல் மழை பெய்த மாதிரி வந்தார். படியேறும்போதுதான் வாயைத் திறந்தார். “மாப்ளே, மூக்கைப் பொத்திக்கிட்டா தின்னர் கூடியிருக்கா குறைஞ்சிருக்கான்னு நான் எதை வச்சு மோந்து பாக்க?”

பொடியரிக் கஞ்சி

மழை ஈரத்தில் தின்னர் பெயிண்ட் அடித்தால், காய்கிறபோது மேலே வெள்ளையாக ஒரு படலம் பூக்கும். எங்கள் பட்டறையில் அதற்கு ‘பனி பிடிக்கிறது’ என்று பேர். டாக்டரைப் பார்ப்பதற்கு முந்திய மழையில் ஒரு வில்லா மாடலில் அது பூத்துவிட, மச்சான் சாருக்குப் போன் போட்டு, “பனி பிடிச்சிருக்கு சார், கொஞ்சம் பொறுங்க” என்றார். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல். பாவம், சார் கொட்டுகிற மழையில் காய்ச்சல் கஞ்சிக்குப் பொடியரியும் ஊறுகாயும் வாங்கிக்கொண்டு படியேறி வந்துவிட்டார். வந்து பார்த்தால் நோயாளி பரோட்டாவைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்!

காய்ச்சல் வில்லாவுக்குத்தான் என்று விளக்கினோம். லேசான பனி என்றால் மழை விட்டதும் வெயிலில் கொஞ்ச நேரம் வைத்தால் போய்விடும் என்று மச்சான் வைத்தே காட்டினார். சார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதிலிருந்து மழை பெய்தால் போதும், போன் வந்துவிடும். “சுடலே, இன்னைக்கு பனி உண்டோ?”

கோடு விழுந்த கப்பல்

டாக்டர் சொன்ன பிறகு நான் தின்னர் டப்பாவை ஒளித்துவைத்தேன். அப்போது கோட்டைத் தெரு மாமா ஒருவர், கப்பலில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர், தான் ஒட்டிய கப்பலைக் கொண்டுவந்தார். ஜன்னல் எல்லாம் திறந்து, ஃபேன் ஓட, பிரஷ்ஷால் அடிக்கச் சொன்னேன். “இது பொட்டு வைக்கிற வேலைலே” என்று மச்சான் முறைத்துக்கொண்டேதான் அடித்தார். ஆனால் அந்த நாட்களில் இருமல் தணிந்திருந்தது. இப்படியே பிழைத்துவிடலாம் என்று நான் நிஜமாகவே நம்பினேன்.

கோடு விழத்தான் செய்தது. மாமா விரலால் தடவிப் பார்த்தார். மச்சான் முகம் செத்துப்போய் நின்றார். மாமா சிரித்தார். “இதுக்கு ஏன்டா மூஞ்சியைத் தூக்கி வச்சுண்டிருக்கே? உப்புத் தண்ணியில ஓடின கப்பல்னா கோடு விழாம இருக்குமோ?”

மறுபடியும் பனி

அடுத்த மழைக்கு சார் ரெட்டை டவர் மாடல் கொடுத்தார், அதே பளபளப்பு கேட்டு. முடியாது, வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லலாம் என்றேன். மச்சானுக்கு ரோஷம். நான் ஷீட் வாங்கச் சாலை பஜாருக்குப் போன நேரம் பார்த்து, டப்பாவைத் தேடி எடுத்து, ஜன்னலைச் சாத்திவிட்டார். திரும்பி வந்தபோது டவர் கண்ணாடியாய் மின்னியது. மச்சான் கதவைப் பிடித்துக்கொண்டு மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தார். மறுநாள் அனலாய்க் காய்ச்சல். அந்தக் காய்ச்சலிலிருந்து அவர் எழுந்திருக்கவே இல்லை.

காய்ச்சல் கண்ட அன்றே ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்று சாருக்குப் போன் செய்தேன். அவருக்குப் புரியட்டுமே என்று மலையாளத்திலேயே சொன்னேன்: “சாரே, பனியாணு. நல்ல பனி.” வெளியே மழை கொட்டுகிறது. சாருக்கு எங்கள் பாஷை எப்போதோ பழகிவிட்டது என்பது எனக்கு உறைக்கவில்லை. அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். “அதுக்கு எதுக்குடே டென்ஷன்? கொஞ்சம் வெயில்ல வையி, போயிரும்.”

அந்த ரெட்டை டவர் இன்றைக்கும் சாரின் ஆபீஸில் விளக்கு வெளிச்சத்தில் மின்னிக்கொண்டு நிற்கிறது, அவர் கேட்டபடியே, ஆளே இல்லாமல் செய்த மாதிரி.